660-இன் சைலன்சரைத் திறக்கலாமா, கூடாதா?

மூன்றடிபார்: என்னிடம் இருப்பது ஸ்டில் எம்எஸ் 660 சங்கிலி ரம்பம். 91.6 சிசி, 5.2 கிலோவாட். 36 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் தகடு) போட்டு, கடினமான மரங்களை நீளவாக்கில் பலகையாக அறுக்கிறேன். பாதி தூரம் போவதற்குள் இயந்திரம் திணறுகிறது. சைலன்சரில் இன்னொரு வாய் வெட்டினால் சக்தி கூடும் என்கிறார்கள். செய்யலாமா?

தூள்பறத்தி: தாராளமாகச் செய்யுங்கள். ஆலையில் வரும் சைலன்சர் சத்தத்தையும் புகையையும் அடக்கச் செய்தது. இயந்திரத்தின் மூச்சையும் சேர்த்து அடக்குகிறது. சிலிண்டரின் புகைவாய்ப் பரப்பில் முக்கால் பங்குக்கு மொத்தத் திறப்பு இருந்தால் போதும். தீப்பொறி வலையை மட்டும் கழற்றாதீர்கள், காய்ந்த சருகில் ஒரு பொறி விழுந்தால் வினை. வெட்டியபின் கார்புரேட்டரில் முழு வேகத்துக்கான எரிபொருளை அளக்கும் ஹெச் திருகைச் சற்றே திறந்து எரிபொருளைக் கூட்டுங்கள்.

பட்டறைக்காரன்: "சற்றே" என்று எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டீர்கள்! என் மேசைக்கு வரும் கீறல் விழுந்த பிஸ்டன்களில் பெரும்பாலானவை அந்தச் "சற்றே"வில் தவறியவை. திறப்பு பெரிதானால் கலவை வறண்டுபோகும். டூ ஸ்ட்ரோக்கில் எண்ணெயும் பெட்ரோலோடுதான் வருகிறது என்பதால், பெட்ரோல் குறைந்தால் மசகும் குறையும். அப்போது சத்தம் கூர்மையாகும், சுற்று ஏறும், ஓட்டுபவர் பூரித்துப்போவார். அணையப்போகும் விளக்கின் பிரகாசம் அது.

தூள்பறத்தி: காதால் கேட்டுச் சரிசெய்யத் தெரியாதவர் தொடக்கூடாது என்பதை ஏற்கிறேன். சுமையில்லாமல் முழு த்ராட்டிலில் விக்கிவிக்கி ஓட வேண்டும், மரத்தில் இறங்கியதும் விக்கல் நின்று தெளிய வேண்டும். ஆனால் அடைத்த சைலன்சர் சூட்டைச் சிலிண்டர் பக்கமே தேக்குகிறதே, அதையும் சொல்லுங்கள். கலவையைச் சரியாக வைத்தால் திறந்த இயந்திரம் சூடு குறைந்தே ஓடும்.

பட்டறைக்காரன்: குறுக்கே துண்டு போடும் வேலைக்கு அது சரி. சில நொடி முழு வேகம், பிறகு ஓய்வு. பலகை அறுப்பவர் நிமிடக்கணக்கில் த்ராட்டிலை விடுவதே இல்லை. அந்த வேலைக்கு நான் ஆலைக் கணக்கைவிடக் கூடுதலாகவே எரிபொருள் விட்டு, உச்சச் சுற்றைக் குறைத்து வைப்பேன். நீங்கள் கூட்டிய சக்தியில் ஒரு பகுதி அங்கேயே போய்விடும்.

ஈயக்கம்பி: சிலிண்டருக்கு அடியில் உள்ள கேஸ்கெட்டை எடுத்துவிட்டால்? அழுத்தம் கூடுமே.

பட்டறைக்காரன்: முதலில் உங்கள் பெயரில் உள்ள பொருளையே பயன்படுத்துங்கள். ஸ்பார்க் பிளக் துளை வழியாக ஈயக்கம்பியை விட்டு, பிஸ்டனை மேலே கொண்டுவந்து நசுக்கி, தடிமனை அளக்க வேண்டும். 0.5 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் பிஸ்டன் சிலிண்டரின் தலையில் இடிக்கக்கூடும். சிலிண்டர் கீழிறங்கினால் புகைவாய் திறக்கும் நேரமும் தள்ளிப்போகும்.

தூள்பறத்தி: அதனால் இழுவிசை கூடும், பலகைக்கு அது நல்லதுதான். எல்லாவற்றுக்கும் தடை போட்டால் இவர் என்னதான் செய்வது? செயினை ஓட்டும் சக்கரத்தை மாற்றி 8 பல் ஸ்பிராக்கெட் போடட்டுமா?

பட்டறைக்காரன்: 7-இலிருந்து 8-க்குப் போனால் செயின் வேகம் 14 சதவீதம் ஏறும், இழுக்கும் விசை 12.5 சதவீதம் இறங்கும். திணறும் இயந்திரத்துக்கு அதுவா மருந்து? 6.4 கிலோவாட் வேண்டுமென்றால் 121.6 சிசி எம்எஸ் 880 ரம்பம் இருக்கிறது. மூன்றடிபார், ஒன்று கேட்கிறேன். த்ராட்டிலை விட்டதும் சுற்று உடனே இறங்குகிறதா?

மூன்றடிபார்: இல்லை ஐயா. சில நொடி மேலேயே நின்று பிறகுதான் இறங்குகிறது.

பட்டறைக்காரன்: அப்படியானால் எதையும் வெட்டாதீர்கள். எங்கோ காற்று கசிகிறது. இயந்திரத்தின் வாய்களை அடைத்து உள்ளே 0.5 பார் அழுத்தம் ஏற்றிப் பாருங்கள் (அழுத்த அலகைச் சொல்கிறேன், ரம்பத்தின் பாரை அல்ல). இறங்காமல் நிற்க வேண்டும்.

தூள்பறத்தி: இதில் எனக்கு மறுப்பில்லை. கசியும் இயந்திரத்தில் நான் சைலன்சரைத் தொடுவதில்லை.

மூன்றடிபார்: நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். ஃப்ளைவீல் பக்க ஆயில் சீல் காய்ந்து கசிந்தது, மாற்றிவிட்டேன். செயினையும் பார்த்தேன்: ஒரு பக்கப் பற்கள் மறுபக்கத்தைவிடக் குட்டை, முன்னால் உள்ள ஆழத்தடுப்புகள் ஒன்றுக்கொன்று உயரம் வேறு. அரத்தால் பற்களைச் சமப்படுத்தி, தடுப்புகள் எல்லாவற்றையும் பல் நுனியைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்வாகக் கொண்டுவந்தேன். அதே மரம் இப்போது திணறாமல் அறுபடுகிறது. தூளும் மாவாக வராமல் சீவலாக வருகிறது.

தூள்பறத்தி: மகிழ்ச்சி. இனி சைலன்சரைத் திறக்கலாம்.

பட்டறைக்காரன்: திறங்கள். அதற்கு முன் சுற்றை அளக்க ஒரு டேக்கோமீட்டர் வாங்கிவிடுங்கள்.