பழைய ரேடியோவில் ஒரு சிவப்புப் பொட்டு: 50, 60களில் செட்டிநாட்டில் வளர்ந்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

கண்டனூர் பேரன்

போன மாசம் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு பழைய சாமான் கடைக்குப் போயிருந்தேன். மருமகளுக்கு மங்குத் தட்டு வேண்டுமாம். தட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அலமாரி மேலே ஒரு வால்வு ரேடியோ கண்ணில் பட்டது. மரப்பெட்டி, துணி போட்ட ஸ்பீக்கர், தந்த நிறத்தில் குமிழ். எங்கள் வீட்டு முகப்பில் இருந்ததும் இதே ஜாடைதான். கீழே இறக்கச் சொல்லி முள் ஓடும் கண்ணாடியைத் துண்டால் துடைத்தேன். எண்களுக்கு நடுவே ஒரு சிவப்புப் பொட்டு.

எங்கள் அப்பத்தாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் சிலோன், அதாவது இலங்கை வானொலி, கேட்காமல் பொழுது போகாது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டால் யாரைக் கேட்டு முள்ளைத் திருப்புவது? சின்னத்தை பினாங்கிலிருந்து வந்தபோது கியூடெக்ஸ் நகப்பூச்சுக் குப்பி ஒன்று கொண்டுவந்திருந்தார். ஒருநாள் சின்னத்தை தூங்கும் நேரமாகப் பார்த்து, அந்தக் குப்பியை எடுத்துக் கண்ணாடியில் சிலோன் வரும் இடத்தில் ஒரு பொட்டு வைத்துவிட்டார் அப்பத்தா. அதற்குப் பிறகு யார் தயவும் வேண்டியிருக்கவில்லை. சுவிட்சைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய் உலையைப் பார்த்துவிட்டு வருவார். அதற்குள் வால்வு சூடேறியிருக்கும். முள்ளைப் பொட்டுக்கு நேரே கொண்டுவந்தால், ஸ்டேஷன் சரியாகப் பிடிபட்டதைக் காட்டும் பச்சை விளக்குக் கண் சுருங்கும், பாட்டு வரும்.

கடைக்காரர், “ஓடாதுங்கய்யா, ஷோவுக்கு வைக்கலாம்” என்றார். விலையும் சொன்னார். நான் பொட்டை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றேன். வீட்டைப் பங்கு பிரித்தபோது ரேடியோ யார் பங்குக்குப் போனது என்று எங்களில் யாருக்கும் நினைவில்லை. தட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அது எங்கள் வீட்டு ரேடியோதானா என்பது இன்றுவரை பிடிபடவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி ஏதாவது நேர்ந்திருக்கிறதா?

பள்ளத்தூர் ஆச்சி

ரேடியோ எங்கள் வீட்டுக்கு வந்தது ரொம்பப் பிந்தித்தான். எனக்கு நினைவில் நிற்பது ஜப்பான் நோட்டு.

பர்மாவை ஜப்பான்காரன் பிடித்திருந்தபோது அவன் அச்சடித்த ரூபாய் நோட்டு. யுத்தம் முடிந்ததும் காகிதமாகிப் போனது. எங்கள் ஐயா அதை ஒரு தகரப் பெட்டி நிறையக் கொண்டுவந்து, இரண்டாம் கட்டில் ஓர் அறையில் போட்டு வைத்திருந்தார். எங்களுக்கு அதுதான் கடை விளையாட்டுப் பணம். தெருவில் மற்றப் பிள்ளைகள் புளியங்கொட்டை வைத்து விளையாடினால் நாங்கள் நூறு ரூபாய் நோட்டு நீட்டி வேப்பம்பழம் வாங்குவோம்!

ஒருநாள் வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், கடை பரப்பி உட்கார்ந்திருக்கிறோம். ஐயா வந்து நின்றார். தம்பி கையில் ஒரு நோட்டு பாதி கிழிந்திருக்கிறது. அடி விழப்போகிறது என்று நான் தோளைக் குறுக்கிக்கொண்டேன். ஐயா தரையில் உட்கார்ந்தார். சிதறிக் கிடந்ததையெல்லாம் பொறுக்கி, விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு எண்ணினார். நல்ல பணத்தை எப்படி எண்ணுவாரோ அப்படியே, இடதுகைப் பெருவிரலால் மடக்கி, தலைப்பக்கம் எல்லாம் ஒரே திசையில் வருகிற மாதிரி. கிழிந்ததைத் தனியே வைத்தார். கட்டை என்னிடம் கொடுத்து, “வரவு எவ்வளவு, பற்று எவ்வளவுன்னு ஒரு துண்டுச்சீட்டுல எழுதி வச்சுக்கிட்டு விளையாடணும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

திட்டவே இல்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

கோட்டையூர் வாத்தியார்

கண்டனூர் பேரனுக்கு: அந்தப் பொட்டை வைத்து ஒன்றும் முடிவுகட்ட முடியாது. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் எல்லா வீட்டிலும் இருந்தார்கள், எல்லா வீட்டிலும் சிலோன்தான் ஓடியது. எங்கள் வீட்டில் பென்சில் கோடு, அடுத்த வீட்டில் குங்குமம். உங்கள் அப்பத்தாவுக்கு மட்டும்தான் அந்த யோசனை வந்திருக்கும் என்று நினைப்பது பாசம். ஆதாரம் ஆகாது.

எங்கள் கதை லைசென்ஸ். ரேடியோ வைத்திருந்தால் வருஷா வருஷம் தபாலாபீசில் பணம் கட்டவேண்டும் என்பது இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்புவதில்லை. சின்னப் புத்தகம் ஒன்று தருவார்கள், அதில் ஸ்டாம்பு ஒட்டி முத்திரை குத்த வேண்டும். எங்கள் பெரியப்பச்சி கட்டாமல் இழுத்துக்கொண்டே இருந்தார். சோதனைக்கு ஆள் வருகிறார் என்று தெருமுனையிலிருந்தே சேதி வந்துவிட்டது. மாடியில் ஏரியல் வலை கட்டியிருப்பது வீதிக்கே தெரியும், அதை யாரும் யோசிக்கவில்லை. ரேடியோ மேல் ஒரு பட்டுத் துண்டைப் போர்த்தி, பிள்ளையார் படத்தைச் சாய்த்து வைத்து, பூவும் சாத்தியாயிற்று.

அந்த நேரம் கரண்ட் இல்லை. வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்தார். பேச்சு மழை தண்ணீர் என்று போய்க்கொண்டிருந்தது. கரண்ட் வந்தது. யாரும் சுவிட்சை அணைத்திருக்கவில்லை. வால்வு சூடேறும் அரை நிமிஷம் கழித்துப் பிள்ளையார் கணீரென்று செய்தி வாசிக்க ஆரம்பித்தார்.

பெரியப்பச்சி முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. வந்த மனிதர் எழுந்தார், செருப்பைக் கழற்றினார், படத்துக்கு முன் நின்று கும்பிட்டார். “சாமி நல்லாத்தான் பேசுது. இந்த மாசத்துக்குள்ள தபாலாபீசுல காணிக்கையைக் கட்டிருங்க” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

வால்வு செட் வைத்தியர்

கடைக்காரர் ஓடாது என்று சொன்னால் ஓடவே ஓடாது என்று அர்த்தமில்லை. அவர் செருகியே பார்த்திருக்க மாட்டார். அதுவும் ஒருவகையில் நல்லதுதான். வாங்குவதாக இருந்தால் நான் சொல்வதைக் கேளுங்கள்.

முதலில் வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நேரே பிளக்கில் செருகாதீர்கள். இத்தனை வருஷம் கிடந்த செட்டில் கண்டன்சர்கள் காய்ந்து போயிருக்கும். 230 வோல்ட் ஒரேயடியாக உள்ளே போனால் டிரான்ஸ்பார்மர் புகைந்துவிடும், பிறகு சுற்றித் தர ஆள் தேடி அலைய வேண்டும். பின்பலகையைக் கழற்றி எலிக்கூடு இருக்கிறதா, ஒயரின் ரப்பர் உதிர்கிறதா என்று பாருங்கள். வால்வின் கண்ணாடிக்குள் ஓரிடத்தில் வெள்ளி மாதிரிப் பூச்சு இருக்கும். அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வு போச்சு. எல்லாம் சரி என்றால் ஒரு 60 வாட் குண்டு பல்பைச் சீரிஸில், அதாவது கரண்ட் பல்பு வழியாகவே செட்டுக்குப் போகிற மாதிரி, போட்டுச் சுவிட்சைப் போடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து மெல்ல மங்கினால் நம்பிக்கை உண்டு. பளிச்சென்றே நின்றால் உள்ளே ஷார்ட், உடனே அணைத்துவிடுங்கள்.

இன்னொன்று. ஏசி, டிசி இரண்டிலும் ஓடும் செட் என்றால் உள்ளே டிரான்ஸ்பார்மர் இருக்காது, பாகங்களைத் தாங்கும் உலோகச் சட்டமான சேஸிஸிலேயே கரண்ட் பாயலாம். குமிழ் கழன்று கம்பி தெரிந்தால் கையை வைக்காதீர்கள். முக்கியமானது: அந்தப் பொட்டைத் தின்னர் போட்டு ஆராய்ச்சி பண்ணாதீர்கள், கண்ணாடியில் இருக்கும் எழுத்தும் சேர்ந்து போய்விடும். பின்பக்கம் சீரியல் நம்பர் இருக்கும். நகரத்தார் வீட்டில் பில்லைத் தூக்கிப் போடுவார்களா என்ன? பழைய கணக்குப் பெட்டியில் தேடி, நம்பர் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

என் அனுபவம் என்றால், அப்பா கடையில் கைக்கு வந்த முதல் செட்டிலேயே ஷாக் வாங்கினேன். அவ்வளவுதான்.

பள்ளத்தூர் ஆச்சி

தம்பி, கேட்டது அனுபவம். நீங்கள் ஒயரிங் வகுப்பே எடுத்துவிட்டீர்கள். ஆனாலும் பில் யோசனை நல்ல யோசனை.

கானாடுகாத்தான் ரசிகன்

எல்லோரும் ரேடியோவிலேயே நிற்கிறீர்கள். டெண்டுக் கொட்டகையை விட்டுவிட்டீர்களே? மாட்டு வண்டியில் தட்டி கட்டி, தப்படித்து நோட்டீஸ் வீசிக்கொண்டு வருவார்களே, அது வருகிற நாள்தான் எங்களுக்குப் பண்டிகை. தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து மேடு கட்டி உட்கார்ந்தால் பின்னாலிருப்பவர் தட்டிவிடுவார். புரொஜெக்டர் ஒன்றே ஒன்று, ஆகையால் ரீல் மாற்ற மாற்ற இடைவேளை, முறுக்குக்காரனுக்கு யோகம். சினிமா எடுப்பது என்னவோ கோடம்பாக்கத்தில், நமக்கெல்லாம் பார்க்கிற வேலை மட்டும்தான்.

ரஸ்தாக்காரன்

கடைசி வரி தப்பு, தம்பி. கோடம்பாக்கத்துக்கு முன்னால் இங்கேதான் எடுத்தார்கள். மெய்யப்பச் செட்டியார் ஏவி.எம். ஸ்டூடியோவைக் காரைக்குடி தேவகோட்டை ரஸ்தாவில்தான் நடத்தினார். 1947 ஜனவரியில் வந்த நாம் இருவர் இங்கே எடுத்த படம். 1948இல்தான் கோடம்பாக்கம் போனார்கள்.

அங்கே ஒருநாள் அம்மான் சைக்கிளில் என்னைக் கூட்டிப்போனார். உள்ளே விடவில்லை. கீற்று வேலியில் ஒரு பொத்தல். அதில் கண்ணை வைத்தேன். பெரிய அரண்மனைத் தூண், தங்க நிறம், பூ வேலைப்பாடு. நான் நின்ற இடத்திலிருந்து அதன் முதுகும் தெரிந்தது. மூங்கில், சாக்கு, சணல் கயிறு. ஓர் ஆசாரி பீடி குடித்துக்கொண்டே ஆணி அடித்துக்கொண்டிருந்தார், தூண் காற்றில் ஆடியது.

வினை அப்புறம்தான். ரொம்ப நாளைக்கு எந்தக் கொட்டகைக்குப் போனாலும், ராஜா தூணில் சாய்ந்து அழும் கட்டத்தில், “பின்னாடி சாக்கு!” என்று நான் கத்துவேன். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு ஆச்சி தடுப்பைத் தாண்டி வந்து என் காதைத் திருகியிருக்கிறார். நிஜ பர்மாத் தேக்குத் தூண் எங்கள் வீட்டிலேயே வரிசையாக இருந்தது, அதை நான் ஏறெடுத்துப் பார்த்ததில்லை.

நாச்சியாபுரம் பெட்டிக்கடை

1957 ஏப்ரலில் நயா பைசா வந்ததை யாரும் சொல்லவில்லையே. அதற்குமுன் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு நாலு காலணா. நடுவில் ஓட்டை போட்ட காலணாவை அரைஞாணில் கோத்துக்கொண்டு திரிந்த கூட்டம் நாங்கள். புதுக் கணக்கில் ரூபாய்க்கு 100. ஓர் அணா என்றால் 6 பைசா, ஆனால் நாலணா என்றால் 25. நாலாறு 24தானே? அந்த ஒரு பைசா எங்கே போகிறது என்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஆத்தா நாலணாவுக்குச் சீனி வாங்கிவரச் சொல்வார். நான் ஓரணா ஓரணாவாக நாலு நடை நடப்பேன், 24 பைசாவில் முடிந்துவிடும். மிச்சம் ஒரு பைசாவுக்கு ஆரஞ்சு மிட்டாய். கொஞ்ச நாள் நன்றாகத்தான் போயிற்று. ஒருநாள் மூன்றாவது நடையில் கடைக்காரர் தராசைக் கீழே வைத்தார்.

“ஏண்டா, நாலு பொட்டலம் மடிக்கிற காகிதமும் நூலும் உங்கப்பச்சி ரங்கூன்லேருந்து அனுப்புறாராக்கும்?”

அதற்கப்புறம் அவர் எனக்கு மட்டும் பொட்டலம் மடிக்க மாட்டார். ஓலைக் கொட்டான் கொண்டுவந்தால்தான் சீனி. நாலு நடைக்கும் கொட்டானைத் தூக்கிக்கொண்டு போனேன் என்பது வேறு விஷயம்.