ஊதிய உயர்வுக்காகக் கல்விச் சுதந்திரக் கோரிக்கையை விட்டுக்கொடுக்கலாமா?

மாலைநேர விரிவுரையாளர்:

நான் ஒரு கல்லூரியில் ஒப்பந்த விரிவுரையாளராகப் பணிபுரிகிறேன். எங்கள் ஆசிரியர் சங்கம் நிர்வாகத்துடன் பேச்சுவார்த்தைக்குச் செல்லவிருக்கிறது. கோரிக்கைப் பட்டியலில் ஊதிய உயர்வு, வேலைப்பளு, கல்விச் சுதந்திரம் ஆகிய மூன்றும் இடம்பெற்றிருந்தன. மூன்றாவதை விலக்கிக்கொண்டால் முதலாவதை விரைவாக முடித்துத் தரலாம் என்று நிர்வாகத் தரப்பிலிருந்து சொல்லப்பட்டதாகத் தெரிகிறது. பொதுக்குழுவில் பலர் இதற்கு இசைந்துவிட்டார்கள். கற்பிக்கும் உரிமையைக் கல்விக் குழுக்கள் பார்த்துக்கொள்ளட்டும், சங்கம் சம்பளத்தைப் பார்க்கட்டும் என்பது அவர்களின் வாதம்.

என் தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. நிர்வாகத்தின் ஒரு முடிவை ஆசிரியர் கூட்டத்தில் வெளிப்படையாக விமர்சித்த சக விரிவுரையாளர் ஒருவரின் ஒப்பந்தம் அடுத்த பருவத்துக்குப் புதுப்பிக்கப்படவில்லை. காரணம் எதுவும் தெரிவிக்கப்படவில்லை. கேட்டபோது, பணி நீக்கம் செய்யவில்லையே, ஒப்பந்தக் காலம் முடிந்தது, அவ்வளவுதான் என்று பதில் வந்தது. இத்தகைய சூழலில் சங்கம் எதை முதன்மைப்படுத்த வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

ஏட்டுச்சுவடி:

இவ்விரண்டையும் தனித்தனியே பிரிக்க முடியும் என்ற எண்ணமே தவறு என்பது என் கருத்து. உயர்கல்வி ஆசிரியர்களின் நிலை குறித்து யுனெஸ்கோ 1997 நவம்பரில் ஏற்றுக்கொண்ட பரிந்துரையை உங்கள் பொதுக்குழுவில் வாசித்துக் காட்டுங்கள். கற்பிக்கவும் விவாதிக்கவும் ஆய்வு செய்து முடிவுகளை வெளியிடவும் உள்ள உரிமையுடன், தாம் பணிபுரியும் நிறுவனத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லும் உரிமையும், பிரதிநிதித்துவ அமைப்புகளில் பங்கேற்கும் உரிமையும் கல்விச் சுதந்திரத்தின் பகுதிகளாகவே அதில் கூறப்பட்டுள்ளன. அதாவது, உங்கள் சக விரிவுரையாளர் கூட்டத்தில் பேசியதும், நீங்கள் சங்கத்தில் உறுப்பினராக இருப்பதும் அந்த வரையறைக்குள்ளேயே வந்துவிடுகின்றன. பணிப் பாதுகாப்பு இல்லாமல் இந்தச் சுதந்திரம் நிலைக்காது என்பதையும் அதே ஆவணம் வலியுறுத்துகிறது.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. பரிந்துரை என்பது அரசுகளையோ கல்லூரி நிர்வாகங்களையோ சட்டப்படி கட்டுப்படுத்துவதில்லை. நாட்டின் சட்டம் காப்பாற்றும் என்றும் இருந்துவிட முடியாது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2006-இல் கார்செட்டி வழக்கில், அரசு ஊழியர் தம் அலுவல் கடமையின் பகுதியாகப் பேசுவதற்கு அரசியலமைப்பின் பேச்சுரிமைப் பாதுகாப்பு கிடையாது என்று தீர்ப்பளித்தது. கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் இது பொருந்துமா என்ற கேள்விக்கு அன்று விடை கூறாமல் திறந்தே விட்டது. எனவே, சங்கம் கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் எழுதப்படும் வாசகமே ஆசிரியருக்கு நம்பகமான பிடிமானம்.

எதிர்வரிசை:

நான் சற்று மாறுபடுகிறேன். சங்கத்தின் பலம் பெரும்பான்மையில் இருக்கிறது. கல்விச் சுதந்திரமோ பெரும்பாலும் சிறுபான்மையினருக்கே, பல வேளைகளில் தனி ஒருவருக்கே தேவைப்படுகிறது. நாளை ஓர் உறுப்பினரின் ஆய்வு முடிவு சங்கத்தின் நிலைப்பாட்டுக்கே எதிராக அமைந்தால், அவருக்காகச் சங்கம் நிற்குமா? இரண்டு உறுப்பினர்கள் ஒருவர் மீது ஒருவர் புகார் அளித்தால் யார் பக்கம் நிற்கும்? சங்கங்கள் இந்தக் கேள்விகளுக்கு நேர்மையாகப் பதில் சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை.

சுதந்திரத்துக்கு எல்லையும் உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கமும் கல்லூரிகளின் கூட்டமைப்பு ஒன்றும் இணைந்து வெளியிட்ட 1940 அறிக்கை, ஆசிரியர் தம் பாடத்தை விவாதிக்க முழு உரிமை உடையவர் என்று சொல்கிறது. பாடத்துடன் தொடர்பற்ற சர்ச்சைகளை வகுப்புக்குள் கொண்டுவருவதில் எச்சரிக்கை தேவை என்பதையும் உடனே சேர்த்துச் சொல்கிறது. எது பாடத்துக்கு உட்பட்டது என்பதை அத்துறையைக் கற்றவர்களே தீர்மானிக்க வேண்டுமே அல்லாமல், சங்கச் செயற்குழு வாக்கெடுப்பு நடத்தித் தீர்மானிக்கக் கூடாது.

பேச்சுவார்த்தை மேசை:

எதிர்வரிசை அவர்கள் எழுப்பும் ஐயம் நியாயமானது. அதற்கான விடை, சங்கம் எதற்குக் காவல் நிற்கிறது என்பதைத் தெளிவாக்குவதில் இருக்கிறது. ஓர் ஆசிரியர் வகுப்பில் சொன்னது சரியா தவறா என்று சங்கம் தீர்ப்பளிக்க வேண்டியதில்லை. அந்தத் தீர்ப்பு எந்த முறையில், யாரால், எந்த ஆதாரத்தின் பேரில் அளிக்கப்படுகிறது என்பதையே அது காக்க வேண்டும். தமக்குப் பிடிக்காத கருத்துடைய உறுப்பினருக்காகவும் இந்த முறையைக் கோரி வாதாடாத சங்கம், சம்பளப் பேச்சுக்கு மட்டுமே பயன்படும்.

கேள்வி கேட்ட நண்பருக்கு: உங்கள் சிக்கலின் மையம் ‘புதுப்பிக்கவில்லை’ என்ற அந்தச் சொல்தான். பணி நீக்கத்துக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை, விளக்கம், விசாரணை என்று ஏதேனும் ஒரு நடைமுறை பெரும்பாலும் இருக்கும். புதுப்பிக்காமல் விடுவதற்கு எதுவும் தேவையில்லை என்பதால், கல்விச் சுதந்திரம் பற்றி எவ்வளவு அழகாக எழுதிவைத்தாலும் ஒப்பந்த ஆசிரியருக்கு அது எட்டாது. ஆகவே, ‘கல்விச் சுதந்திரம் மதிக்கப்படும்’ என்ற பொதுவான வாசகத்தை வேண்டுமானால் விட்டுக்கொடுங்கள், எனக்கு வருத்தமில்லை. குறிப்பிட்ட காலம் தொடர்ந்து பணிபுரிந்தவரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாவிட்டால் அதற்கான காரணத்தை எழுத்து மூலம் முன்கூட்டியே தர வேண்டும் என்பதையும், அவர் சக ஆசிரியர்களும் இடம்பெறும் குழுவிடம் மேல்முறையீடு செய்யலாம் என்பதையும், அது முடியும்வரை அவருடைய பாடவேளைகளை வேறொருவருக்கு நிரந்தரமாக ஒதுக்கக் கூடாது என்பதையும் மட்டும் விடாதீர்கள். கருத்து வெளியிட்ட சில நாட்களுக்குள் புதுப்பித்தல் மறுக்கப்பட்டால், இரண்டுக்கும் தொடர்பில்லை என்று நிறுவும் பொறுப்பு நிர்வாகத்துடையது என்ற வரியையும் சேர்க்க முடிந்தால் மிக நல்லது. அதற்கு அவர்கள் எளிதில் இணங்க மாட்டார்கள்.

ஊதியத்தைச் சிறுமைப்படுத்தவில்லை. வேலைநிறுத்தம் என்று வந்தால் உறுப்பினர்கள் திரள்வது அதற்காகத்தான். ஆனால் இன்று கிடைக்கும் உயர்வை விலைவாசி சில ஆண்டுகளில் கரைத்துவிடும், அடுத்த உயர்வைக் கேட்க எழுந்து நிற்கும் ஆசிரியருக்கு அப்போது பாதுகாப்பு வேண்டும்.

ஏழாம் வகுப்பு ஆசிரியை:

பள்ளி ஆசிரியர்களை இந்த விவாதத்தில் யாரும் நினைக்கவில்லை என்பதால் எழுதுகிறேன். எங்களுக்குப் பாடத்திட்டம் மேலிருந்து வருகிறது, ஆகவே சுதந்திரம் என்ற பேச்சே பொருந்தாது என்று சொல்லப்படுகிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் யுனெஸ்கோவும் இணைந்து உருவாக்கி 1966 அக்டோபர் 5-இல் ஏற்கப்பட்ட பரிந்துரை அப்படிச் சொல்லவில்லை. அங்கீகரிக்கப்பட்ட பாடத்திட்டத்துக்குள் பாடநூல் தேர்விலும் கற்பிக்கும் முறையிலும் ஆசிரியருக்கு முக்கியப் பங்கு வேண்டும் என்கிறது. அதே ஆவணம், இணையான தகுதி கோரும் பிற பணிகளோடு ஒப்பிடத்தக்க ஊதியத்தையும் கேட்கிறது.

மாலைநேர விரிவுரையாளர்:

அனைவருக்கும் நன்றி. பொதுவான வாசகத்துக்குப் பதிலாக, எழுத்து மூலமான காரணம், மேல்முறையீடு ஆகிய இரண்டையும் திருத்தமாக முன்மொழிய எண்ணியுள்ளேன். ஓர் ஐயம்: இதைக் கல்விச் சுதந்திரம் என்ற தலைப்பில் வைக்கலாமா, பணி நிபந்தனைகள் என்ற தலைப்பில் வைக்கலாமா?

பேச்சுவார்த்தை மேசை:

பணி நிபந்தனைகள் என்ற தலைப்பிலேயே வையுங்கள். பொதுக்குழுவில் ஊதியத்தை முன்னிறுத்துவோரும் அதற்கு வாக்களிப்பார்கள். கல்வி விவகாரம் சங்கத்தின் வரம்புக்கு வெளியே உள்ளது என்று நிர்வாகம் தட்டிக்கழிக்கவும் வழியிருக்காது. மேல்முறையீட்டுக் குழுவின் உறுப்பினர்களை யார் நியமிப்பது என்பதை மட்டும் வெற்றிடமாக விட்டுவிடாதீர்கள்.