ஓடைக்குச் சுவர் எழுப்பும் முன்

ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

ஊட்டியில் நம் சந்துக்குள் மழைத் தண்ணீர் ஏறாமலிருக்க, ஓடையின் இரு பக்கமும் காங்கிரீட் சுவர் எழுப்ப ஆளுக்கு நூறு திர்ஹாம் என்று போன வாரம் மடல் வந்தது. பணம் தர எனக்குத் தயக்கமில்லை. சுவர்தான் இடிக்கிறது.

மே மாதம் லீவில் ஊட்டியில் இருந்தேன். ஒரு மணி நேர மழைக்கே நம் சந்தில் கணுக்காலளவு தண்ணீர். 2019 ஆகஸ்டில் ஊட்டிக்குப் பக்கத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியதே, அவ்வளவெல்லாம் நமக்குத் தேவையில்லை. மழை விட்டதும் ஓடையோரமாக மேலிருந்து கீழ்வரை நடந்து பார்த்தேன். மேலே கேரட் தோட்டத்து மண் குழம்பாக இறங்குகிறது. கீழே, ரோட்டைக் கடக்கும் இடத்தில் இரண்டு சிமெண்ட் குழாய்கள். ஒன்று மண்ணும் பிளாஸ்டிக்கும் அடைத்து முக்கால்வாசி மூடிக் கிடக்கிறது. தண்ணீர் அங்கே முட்டி, பின்வாங்கி, சந்துக்குள் ஏறுகிறது.

சுவர் வந்தால் ஓடை நேராகும், வேகம் கூடும், அதே குழாயில் இன்னும் சீக்கிரமாக வந்து முட்டும். சந்திலிருந்து ஓடைக்கு வடிய வேண்டிய தண்ணீரோ சுவருக்கு இந்தப் பக்கம் நிற்கும். குழாயை மட்டும் பெரிதாக்கினால் நாம் தப்பிப்போம். மொத்தத் தண்ணீரும் ஒரே மூச்சில் ஊருக்குள் ஓடும் கோடப்பமந்து கால்வாயில் விழும், அப்புறம் கீழே இருக்கும் எட்டின்ஸ் ரோட்டுக்காரர்கள் பாடு.

அதனால் தண்ணீர் வழியிலேயே கொஞ்சம் நிற்க இடம் வேண்டும். ஊட்டியை உருவாக்கிய வெள்ளைக்காரக் கலெக்டர் ஜான் சல்லிவன் 1820களில் ஓடைகளை மறித்துக் கட்டிய ஏரி, இன்றைய பஸ் ஸ்டாண்ட், ரேஸ் கோர்ஸ் வரை பரந்திருந்ததாம். அதைத் திருப்பிக் கேட்க முடியாது, சரி. நம் சங்கத்து மனை இருக்கிறதே? சின்ன வயதில் பந்தெடுக்கப் போனால் சேறு செருப்பைப் பிடுங்கிக்கொள்ளுமே, அந்தச் சதுப்பு. பொங்கல் விழாப் பந்தல் போடுவதற்காக நாம்தான் லாரி லாரியாக மண்ணடித்து மேடாக்கினோம். அந்த மண்ணை எடுத்துவிட்டு, ஓடைப் பக்கம் கரையைத் தாழ்த்தினால், பெருமழை அங்கே ஏறிப் பரவி, வண்டலை இறக்கிவிட்டு மெதுவாக வடியும். அடியில் காங்கிரீட் வேண்டாம், புல் போதும். இரண்டு மழைக்கு ஒருமுறை குப்பையும் வண்டலும் அள்ள ஆள் வைக்க வேண்டும். அதற்குத்தான் பணம் தேவை. பந்தலைத் தெருவிலேயே போட்டுக்கொள்வோம்.

குழாய்க்குப் பதில் அகலமான பாலம் கேட்டு நகராட்சிக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். அதோடு சர்வேயரை வைத்து ஓடையின் எல்லையை அளக்கச் சொல்லலாம் என்றிருக்கிறேன். அளந்தால் என்ன வரும் என்று தெரிந்துதான் சொல்கிறேன். எங்கள் அடுப்படிக்குப் பின்னால் துணி துவைக்கும் மேடை ஓடைக்குள்தான் நிற்கிறது. அப்பா கட்டியது. தம்பியிடம் பேசினேன், முணுமுணுத்தான், ஒப்புக்கொண்டான். தை பிறந்ததும் உடைக்கிறோம்.

இப்படி ஓடைக்குள் கால் நீட்டிய வீட்டுக்காரர்கள் இன்னும் நாலு பேர் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். பெயர் சொல்லவில்லை. தனி மடல் போட்டாலும் போதும்.