தலையில் அடிபட்ட பிள்ளை மறுபடி பள்ளிக்கும் மைதானத்துக்கும் போனபோது: உங்கள் அனுபவம்?

மதுரை_அம்மா:
கன்கஷன், அதாவது அடிபட்டதில் மூளை அதிர்ந்து கொஞ்ச நாள் சரியாக வேலை செய்யாமல் போவது, இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான், நேராகச் சொல்லிவிடுகிறேன். மகன் எட்டாம் வகுப்பு. கபடியில் பாடிப் போனபோது பிடிக்க வந்த பையனின் முழங்கால் பொட்டில் இடித்துவிட்டது. மயக்கம் இல்லை, ஒரு தடவை வாந்தி. சி.டி. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றதும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அடுத்த வாரமே யூனிட் டெஸ்ட். கணக்கு டீச்சர் போன் செய்து கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், வினாத்தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். "அம்மா, அந்த ஃபேனை நிறுத்தச் சொல்லும்மா" என்றான். வருஷக்கணக்காக அதே சத்தத்தோடு ஓடுகிற ஃபேன். அந்த முகம் கண்ணை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

ஸ்கார்பரோ_அப்பா:
அக்கா, ஸ்கேனில் ரத்தக்கசிவும் எலும்பு முறிவும்தான் தெரியும், கன்கஷன் தெரியாது. என்ர மகளுக்கு உதைபந்தாட்டத்தில் கோல் கம்பத்தில் தலை அடிபட்டது. இங்கே கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தில் ரோவன் சட்டம் 2018-இல் வந்தது. ஒட்டாவாவில் ரக்பி ஆடிய 17 வயது ரோவன் ஸ்ட்ரிங்கர், முந்தைய அடி ஆறுவதற்குள் மறுபடி அடிபட்டு 2013-இல் இறந்துபோனாள். அதனால் சந்தேகம் வந்தாலே பிள்ளையை வெளியே எடுத்துவிடுவார்கள். பள்ளியும் அரை நாள், கூடுதல் நேரம் எல்லாம் தந்தது. ஆனால் கூடப் படிக்கிற ஒருத்தி, "காயமே இல்லையே, உனக்கு மட்டும் ஏன்?" என்று கேட்டுவிட்டாள். அன்றிரவு மகள், "அப்பா, தலையில ஒரு கட்டுப் போட்டுவிடுங்கோ" என்றாள்.

பழைய_ரெய்டர்:
தலையில் அடிபடாமல் கபடி ஏது? தண்ணீர் தெளித்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போவோம். எங்கள் அணியில் கார்னர் பிடிக்கிறவன் ஒருமுறை அடிபட்டு எழுந்து, எதிரணிப் பக்கம் போய் நின்றான். மைதானமே சிரித்தது. அவன் மட்டும் சிரிக்கவில்லை, அது இன்றும் ஞாபகத்தில் இருக்கிறது. மதுரை அம்மா, ஒரு மாதம் இருட்டறையில் படுக்க வையுங்கள், பள்ளியே வேண்டாம், சரியாகிவிடும்.

கோவை_பிசியோ:
அண்ணா, இரண்டுமே தவறு. பக்கம் தெரியாமல் நின்றாரே, அதுவே கன்கஷனின் அடையாளம்தான். அந்த நிமிஷமே ஆட்டத்தை விட்டு எடுத்திருக்க வேண்டும். கிரிக்கெட்டில் 2019 லார்ட்ஸ் டெஸ்ட் ஆட்டத்தில், இங்கிலாந்தின் ஆர்ச்சர் போட்ட பந்து கழுத்தில் பட்ட ஆஸ்திரேலியாவின் ஸ்மித், திரும்பி வந்து பேட் பிடித்தார். மறுநாள்தான் தலைவலியும் மந்தமும். அவருக்கு மாற்றாக லபுஷேன் இறங்கினார், ஸ்மித் அடுத்த டெஸ்டும் ஆடவில்லை. அறிகுறி தாமதமாகவும் வரும்.

என்னிடம் வந்த ஒரு சிறுமி, பஸ் ஜன்னலில் வெயில் விட்டுவிட்டு அடிப்பது தாங்காமல் கண்ணை மூடியபடியே பள்ளிக்குப் போய்வந்தாள். அதை நினைத்துத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

இருட்டறை பழைய முறை. முதல் 24 முதல் 48 மணி நேரம் அடங்கிய ஓய்வு, போனும் டிவியும் குறைவாக. அப்புறம் மெதுவாக நடக்கலாம். முதலில் பள்ளி, பிறகுதான் பந்தயம். வீட்டில் கொஞ்ச நேரம் படிப்பு, அப்புறம் அரை நாள், நடுநடுவே அமைதியான அறையில் ஓய்வு, டெஸ்ட் தள்ளிவைப்பு, கடைசியில் முழு நாள். தலைவலி கொஞ்சம் கூடினால் நிறுத்தி ஓய்வு, பயப்பட வேண்டாம். விளையாட்டில் நடை, ஓட்டம், தனிப் பயிற்சி, மோதல் இல்லாத கடினப் பயிற்சி, முழுப் பயிற்சி, போட்டி என்று போக வேண்டும். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். பிடிப்பதும் மோதுவதும், பள்ளியில் முழு நாள் தொந்தரவில்லாமல் உட்கார்ந்து, டாக்டரும் சரி சொன்ன பிறகே. திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் எழாத தூக்கம் என்றால் உடனே கேஷுவாலிட்டி.

மதுரை_அம்மா:
எச்.எம். டெஸ்டைத் தள்ளிவைத்துவிட்டார். இப்போது மதியம் வரை போகிறான், ஃபேனுக்குத் தள்ளி ஜன்னல் ஓரமாக இடம். ஜோனல் போட்டிக்கு அனுப்பச் சொல்லி பி.டி. சார் கேட்கிறார். முழு நாள் உட்காரட்டும் சார், பிறகு பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.