ஹால் கொதிக்கிறது, மாடி அறை மட்டும் குளிர்கிறது

கேள்வி:
லண்டனில் பழைய வீடு, கேஸ் காம்பி பாயிலர் (வீட்டைச் சூடாக்கவும் குழாய் வெந்நீருக்கும் ஒரே பாயிலர்). ஃப்ளோ வெப்பநிலை, அதாவது பாயிலரிலிருந்து அறைகளின் ரேடியேட்டர்களுக்குப் போகும் தண்ணீரின் சூடு, 75 டிகிரி. தெர்மோஸ்டாட் ஹாலில் இருப்பதால், ஹால் சூடானதும் பாயிலர் நின்றுவிடுகிறது, மாடியில் குழந்தை தூங்கும் அறை சூடாவதே இல்லை. பெரிய பாயிலர் வாங்க வேண்டுமா?

பதில் 1:
வேண்டாம், பெரிதானால் இன்னும் அடிக்கடி அணைந்து எரியும். முதலில் ஃப்ளோவை 60க்கோ 55க்கோ இறக்குங்கள். கண்டென்சிங் பாயிலரில் ரேடியேட்டர்களிலிருந்து திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் புகையில் உள்ள நீராவி குளிர்ந்து தண்ணீராகி அதன் வெப்பத்தையும் கொடுக்கும், இல்லாவிட்டால் அது அப்படியே வெளியே போய்விடும். குழாய் வெந்நீருக்குத் தனி செட்டிங் உண்டு, அதைத் தொட வேண்டாம். (வெந்நீரைச் சேமித்து வைக்கும் சிலிண்டர் வைத்திருப்பவர்கள் கவனம்: லீஜியோனெல்லா கிருமிக்காக அதில் 60 டிகிரி வேண்டும்.)

பதில் 2:
அதோடு ரேடியேட்டர்களை பேலன்ஸ் செய்யுங்கள். ஹால் ரேடியேட்டரின் லாக்‌ஷீல்ட் வால்வை (தண்ணீர் ஓட்டத்தின் அளவை வைக்கும், மூடி போட்ட வால்வு) கொஞ்சம் கொஞ்சமாக மூடினால் தண்ணீர் மாடிக்குப் போகும். தெர்மோஸ்டாட் இருக்கும் இடத்தில் டிஆர்வி (அறைச் சூட்டுக்கு ஏற்ப ரேடியேட்டரைத் தானே திறந்து மூடும் வால்வு) இருந்தால் முழுதாகத் திறந்து வையுங்கள், இரண்டும் ஒன்றோடொன்று மோதக் கூடாது.

கேட்டவர்:
நன்றி அண்ணா. 58இல் வைத்து, ஹால் வால்வை முக்கால்வாசி மூடினேன். வீடு சூடாகக் கூடுதல் நேரம் ஆகிறது, அதனால் காலையில் ஒரு மணி நேரம் முன்பே போடுகிறேன். நேற்று இரவு குழந்தையின் அறை 19 டிகிரி!

பதில் 1:
அருமை. பாயிலர் ஆதரித்தால் அடுத்து வெளிப்புற சென்சாரும் போடுங்கள், வெளியே குளிர் குறையும்போது ஃப்ளோவைத் தானே இறக்கிக்கொள்ளும்.