புதுப்பிப்பு: வாயால் சொல்கிறாள், எழுத மாட்டேன் என்கிறாள் (மூன்றாம் வகுப்பு)

போன மாதம் கேட்டிருந்தேன்: மகள் கிரகணம் பற்றி அரை மணி நேரம் பேசுவாள், நாலு வரி எழுதச் சொன்னால் அழுவாள், பள்ளியில் 'சோம்பல்' என்கிறார்கள் என்று. பதில் போட்ட எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

முதலில் கண், காது பார்த்தோம், குறை இல்லை. அப்புறம் உளவியலாளரிடம் விஸ்க் (WISC) என்ற குழந்தைகளுக்கான அறிவுத்திறன் சோதனை. மொத்த மதிப்பெண் 117. அதோடு திரும்பியிருப்பேன். "மொத்தத்தைப் பார்க்காதீர்கள், பிரிவுவாரியாகக் கேளுங்கள்" என்று ஒருவர் எழுதியதுதான் கைகொடுத்தது. மொழிப் புரிதல் 136, செயல்வேகம் 86! இவ்வளவு இடைவெளி இருந்தால் மொத்த எண்ணுக்குப் பொருளில்லையாம். நினைவும் வேகமும் சேராத பொதுத் திறன் குறியீட்டை உளவியலாளர் தனியாகக் கணக்கிட்டுத் தந்தார். வாசிப்பு, எழுத்துச் சோதனையில் டிஸ்லெக்சியா (வாசிக்கவும் எழுதவும் சிரமப்படும் கற்றல் குறைபாடு) உறுதியானது. மீத்திறன் (வயதை மிஞ்சிய அறிவுத்திறன்), கற்றல் குறைபாடு இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. ஒன்றை ஒன்று மறைத்திருக்கிறது.

பள்ளிக்கு அறிக்கையோடு, ஒரு கேள்விக்கு அவள் பதில் எழுதிய நோட்டுப் பக்கத்தையும் எடுத்துப் போனேன். 'மழை' என்பது 'ழமை' என்று இருந்தது. அதே கேள்விக்கு அவள் வாயால் சொன்ன பதிலைப் போனில் போட்டுக் காட்டினேன். ஆசிரியை இரண்டு முறை கேட்டார். நான் எதிர்பார்க்காதது, வாய்மொழித் தேர்வை அவரே முன்மொழிந்தார்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' என்ற வகையும் உண்டு, டிஸ்லெக்சியா அதில் சேரும். கடிதத்தில் அதைக் குறிப்பிட்டேன். இப்போது கூடுதல் நேரம் தருகிறார்கள், கணக்கில் நான்காம் வகுப்புப் பாடமும் கொடுக்கிறார்கள். சிறப்புப் பயிற்சி வாரம் இரண்டு நாள்.