பின்னொளித் திரை, தன்னொளித் திரை: எல்இடி, ஓஎல்இடி தொலைக்காட்சிகளுக்கான பெயர் குறித்து

அன்பர்களுக்கு வணக்கம்.

ஓஎல்இடி தொலைக்காட்சியைக் 'கரிம ஒளியுமிழ் இருமுனையத் தொலைக்காட்சி' என்றும், எல்இடி தொலைக்காட்சியை 'ஒளியுமிழ் இருமுனையத் தொலைக்காட்சி' என்றும் அழைக்கலாம் என்று நம் கலைச்சொல் குழுவில் முன்வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டையும் ஏற்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. சொற்கள் பிழையானவை என்று சொல்லமாட்டேன். மின்னணு உறுப்பைப் பற்றிய பாடத்தில் இவை பொருந்தியே நிற்கும். ஆனால் நாம் பெயர் தேடுவது உறுப்புக்கு அன்று, கூடத்துச் சுவரில் மாட்டப்போகும் பொருளுக்கு. இலட்சத்துக்கு மேல் கொடுப்பதா, அதில் பாதியோடு நிற்பதா என்று கடையில் நின்று யோசிப்பவருக்கு அந்தப் பெயர் கொஞ்சமேனும் கைகொடுக்க வேண்டும்.

சென்ற மாதம் சித்தப்பாவுக்குத் தொலைக்காட்சி வாங்கத் துணைக்குப் போயிருந்தேன். இரண்டு விலை அட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தவர், "ஓன்னா ஒரிஜினலாப்பா?" என்று என்னிடம் கேட்டார். விற்பனையாளர் முந்திக்கொண்டு, "ஆர்கானிக் சார்" என்றார். மரச்செக்கு எண்ணெயும் நாட்டுச்சர்க்கரையும் விற்கும் கடை நினைவுக்கு வந்துவிட்டது போலும், "டிவில என்னய்யா ஆர்கானிக்?" என்று சித்தப்பா சிரித்தார். அவர் கேள்வியில் குறை ஒன்றுமில்லை. எல்இடிக்கு முன்னால் ஓர் எழுத்து கூடியிருப்பதைப் பார்க்கும் எவரும், எல்இடியையே இன்னும் மெருகேற்றி விலையைக் கூட்டி விற்கிறார்கள் என்றுதான் எண்ணுவார். உண்மையில் இரண்டும் படத்தை உண்டாக்கும் முறையிலேயே வெவ்வேறு இனம்.

'கரிம' என்று மொழிபெயர்ப்பதால் இக்குழப்பம் தீர்வதில்லை. கரிம வேதியியல் படித்தவருக்கு அது கார்பன் சேர்மங்களைச் சுட்டும். மற்றவருக்குக் கரிதான் நினைவுக்கு வரும். இலங்கை வழக்கில் இதற்கு நேரான சொல் 'சேதனம்'. அங்கே 2021இல் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தபோது 'சேதனப் பசளை' (இயற்கை உரம்) என்ற தொடர் வீட்டுக்கு வீடு பேசப்பட்டது. 'சேதன ஒளிகாலும் இருவாயித் தொலைக்காட்சி' என்று ஓஎல்இடிக்கு நேரான பெயரை யாழ்ப்பாணத்தில் ஒரு கடைக்காரர் எழுதி வைத்தால், சித்தப்பா சிரித்த அதே சிரிப்புத்தான் அங்கும் கேட்கும். அந்தப் பொருள் எதனால் ஆனது என்பது வாங்குகிறவருக்கு முதற்செய்தி அன்று. திரையில் ஒளி எங்கிருந்து வருகிறது என்பதே முதற்செய்தி.

எல்இடி தொலைக்காட்சி என்று விற்கப்படுவது எல்சிடி, அதாவது நீர்மப் படிகத் திரைத் தொலைக்காட்சிதான். ஆஸ்திரியத் தாவரவியலாளர் ஃபிரீட்ரிக் ரைனிட்சர் 1888இல் முதன்முதலாகக் கவனித்து எழுதிய நீர்மப் படிகம், தானாக ஒளி தராது. பின்னாலிருந்து வரும் ஒளியை மறித்தோ விட்டுக்கொடுத்தோ படம் காட்டும். முன்பு அந்த ஒளிக்காக மெல்லிய குழல்விளக்குகளை உள்ளே அடுக்கியிருந்தார்கள். குழல்விளக்குகளை எடுத்துவிட்டு எல்இடிப் பட்டைகளை வைத்ததும் பெயரும் மாறிவிட்டது. இந்தப் பெயர் வாங்குவோரைத் தவறாக எண்ணவைக்கும் என்று பிரிட்டனின் விளம்பரத் தரநிலை ஆணையம் 2009இலேயே ஒரு நிறுவனத்தின் விளம்பரத்துக்கு எதிராக முடிவு சொன்னது. பெயர் என்னவோ நிலைத்துவிட்டது. அந்தத் தவறான பெயரை எழுத்துக்கு எழுத்து தமிழாக்கி, 'ஒளியுமிழ் இருமுனையத் தொலைக்காட்சி' என்று நாமும் முத்திரை குத்த வேண்டுமா?

'பின்னொளி' என்ற சொல்லின் பொருத்தத்தை நான் அகராதியில் தேடி அறியவில்லை. எங்கள் வீட்டுக் கூடத்தில் கண்டேன். எட்டு ஆண்டு ஓடிய எல்இடி தொலைக்காட்சி ஓர் இரவு திடீரென்று இருண்டது. ஒலி மட்டும் வந்துகொண்டிருந்தது. மறுநாள் வந்த மெக்கானிக் எதையும் கழற்றவில்லை. கூடத்து விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு, கைப்பேசியின் டார்ச்சைத் திரையோடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்தார். ஒளிபட்ட உள்ளங்கையளவு இடத்தில், செய்தி வாசிப்பவரின் தோளும் கீழே ஓடும் எழுத்துகளும் சாம்பல் நிறத்தில் மங்கலாக அசைந்துகொண்டிருந்தன. "படம் ஓடிட்டுதான் இருக்கு சார், பேக்லைட்தான் போச்சு" என்றார். படம் வேறு, ஒளி வேறு என்பதை அந்த ஒரு நிமிடம் எனக்கு விளங்கவைத்தது. பழுதுபார்ப்பவர்கள் நாள்தோறும் 'பேக்லைட்' என்று சொல்லும் இடத்தில் 'பின்னொளி' தடையின்றி உட்காரும்.

நீர்மப் படிகத்தை மதகு என்று நினைத்துக்கொண்டால் மற்றவை எளிதாகும். பின்னால் ஒளி ஏரி நீர்போலத் தேங்கி நிற்கிறது. ஒவ்வொரு படப்புள்ளியிலும் ஒரு மதகு திறந்து மூடுகிறது. எந்த மதகும் சொட்டுக்கூட ஒழுகாமல் அடைபடாது. ஐபிஎஸ் என்னும் வகை நீர்மப் படிகப் பலகையில், முழு வெண்மையின் ஏறக்குறைய 1,000இல் ஒரு பங்கு ஒளி கறுப்பிலும் கசியும். விஏ என்னும் மற்றொரு வகையில் அது 3,000இலோ 5,000இலோ ஒரு பங்காகக் குறையும். இரவில் விளக்கை அணைத்துப் பார்த்தால் கறுப்பு கரும்சாம்பலாகத் தெரிவது இதனால்தான். எனவே ஆங்கிலத்தில் பலவாறு சொல்லப்படும் இக்குறைக்கு 'ஒளிக்கசிவு' என்ற ஒரே சொல் போதும் என்று கருதுகிறேன். கசிவைக் குறைப்பதற்காகப் பின்னொளியைப் பல பகுதிகளாகப் பிரித்து, இருண்ட காட்சி வரும் பகுதியில் மட்டும் விளக்கைத் தணிப்பதைப் 'பகுதித் தணிப்பு' எனலாம். ஆனால் பகுதிகள் சில நூறோ சில ஆயிரமோதான். 4கே திரையின் படப்புள்ளிகளோ 82,94,400. கறுப்பு வானத்தில் நிலா வந்தால் நிலாவைச் சுற்றி ஒரு வெண்புகை தங்குவது இந்தக் கணக்கால் வருவது. மழை வருமுன் நிலவைச் சுற்றித் தெரியும் வளையத்துக்கு நம்மிடம் 'பரிவேடம்' என்ற பழஞ்சொல் இருக்கிறது. அதை இங்கே கொண்டுவர ஆசைதான், கடைக்காரர் வாயில் நுழையுமா என்பது ஐயம்.

ஓஎல்இடித் திரையில் மதகும் இல்லை, ஏரியும் இல்லை. மின்னோட்டம் பாய்ந்தால் ஒளிரும் கரிமச் சேர்மங்களை மிக மெல்லிய படலங்களாகப் படியவைத்திருக்கிறார்கள். சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் ஈஸ்ட்மன் கோடாக்கில் இருந்தபோது, இத்தகைய இரண்டு படலங்களைக்கொண்டு 10 வோல்ட்டுக்கும் குறைவான மின்னழுத்தத்தில் ஒளி பெற்றதை 1987இல் வெளியிட்டார்கள். கடைக்கு வந்த முதல் ஓஎல்இடி தொலைக்காட்சி 2007இல் சோனி வெளியிட்டது. அதன் திரை வெறும் 11 அங்குலம். இம்முறையில் ஒவ்வொரு படப்புள்ளியும் தனக்குரிய ஒளியைத் தானே தருகிறது; கறுப்பு வேண்டிய இடத்தில் புள்ளி அணைந்தே போகிறது. இருட்டறையில் படத்தின் முடிவில் பெயர்கள் ஓடும்போது பார்த்தால், திரையின் ஓரம் எங்கே, சுவர் எங்கே என்று தெரியாமல் எழுத்துகள் மட்டும் காற்றில் நிற்பதுபோல் இருக்கும். இதைத் 'தன்னொளித் திரை' என்பதே என் முன்மொழிவு.

பின்னொளி, தன்னொளி ஆகிய இரண்டும், தனிக்குறிலை அடுத்த ஒற்று உயிர் வந்தால் இரட்டும் என்ற நன்னூல் விதிப்படி ஒரே வார்ப்பில் அமைந்தவை. ஒன்றைக் கேட்டவருக்கு மற்றதன் பொருள் தானே பிடிபடும். 'தானொளிர் திரை' என்றும் எழுதிப் பார்த்தேன். தனியாக நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதற்கு இணையாகப் 'பின்னொளிர் திரை' என்றால், பிறகு ஒளிரும் திரை என்று பொருள்பட்டுவிடும். பின்னணி, பின்கட்டு போன்ற பெயர்களில் 'பின்' இடத்தையே குறிப்பதால் பின்னொளியில் அந்த மயக்கம் இல்லை.

எழக்கூடிய மறுப்புகளில் வலுவானது, பழைய குழாய்த் தொலைக்காட்சியும் தன்னொளிதானே என்பது. ஆம், தன்னொளிதான். தமிழ்நாட்டு அரசு 2006 முதல் வீடுகளுக்கு இலவசமாகக் கொடுத்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சியின் திரையிலும் பாஸ்பரப் பூச்சே ஒளிர்ந்தது. பிளாஸ்மாத் திரையும் அவ்வாறே. ஆகவே 'தன்னொளி' என்பது இனப்பெயர் என்று ஒப்புக்கொள்வோம். இன்று கடையில் அந்த இனத்தில் வீட்டுக்கு விற்பது பெரும்பாலும் ஓஎல்இடி ஒன்றே என்பதால், பேச்சில் இனப்பெயரே போதும். படப்புள்ளிதோறும் நுண்ணிய எல்இடியே ஒளிரும் மைக்ரோ எல்இடி பரவலாகும் நாளில் அதைக் 'கனிமத் தன்னொளித் திரை' என்றும் ஓஎல்இடியைக் 'கரிமத் தன்னொளித் திரை' என்றும் பிரிக்கலாம். நான் முதலில் ஒதுக்கிய 'கரிம'வுக்கு அங்கேதான் உண்மையான வேலை இருக்கிறது.

விளக்கு விளிம்பில் மட்டும் இருக்கும் மலிவு வகையைப் பின்னொளி என்பது சரியா என்று கேட்கலாம். விளக்கு ஓரத்தில் இருந்தாலும், படிகத்துக்குப் பின்னால் உள்ள தகடுதான் ஒளியைப் பரப்பி முன்னே அனுப்புகிறது, எனவே சரிதான்.

இந்த இணைக்கு மற்றொரு பயன், விளம்பரச் சுருக்கெழுத்துகளைத் தரம் பிரிப்பது. கியூஎல்இடி, மினி எல்இடி இரண்டும் பின்னொளித் திரைகளே. முன்னதில் நிறத்தைச் செறிவாக்கக் குவாண்டம் புள்ளி என்னும் மிக நுண்ணிய துகள்களின் படலம் இருக்கிறது, பின்னதில் விளக்குகள் சிறுத்துப் பெருகியிருக்கின்றன. 2022இல் வந்த கியூடி ஓஎல்இடியிலும் அதே குவாண்டம் புள்ளிகள் உண்டு, ஆயினும் அது தன்னொளித் திரை. எழுத்துகளைக் கூட்டிப் படித்தால் கியூஎல்இடியும் கியூடி ஓஎல்இடியும் அண்ணன் தம்பி என்று தோன்றும். ஒளியின் இடத்தைக் கேட்டால் ஒரு நொடியில் பிரிந்துவிடும்.

தன்னொளித் திரைக்கு மட்டும் உரிய பெருங்கவலைக்கும் பெயர் வேண்டும். கரிமப் படலம் ஒளிர ஒளிரத் தேயும், நீலம் தருவது மற்றவற்றினும் விரைவாக. ஒரே இடத்தில் ஒரே உருவம் மணிக்கணக்கில் நின்றால் அவ்விடம் மட்டும் கூடுதலாகத் தேய்ந்து, வேறு காட்சி வரும்போதும் அதன் சாயல் தெரியும். 'எரிபதிவு' என்று முன்மொழிந்திருக்கிறார்கள். ஆனால் எதுவும் எரிவதில்லை. நான் 'தழும்பு' என்பேன், விரித்துச் சொல்ல வேண்டுமானால் 'உருத்தழும்பு'. ஆறாது என்ற செய்தி அச்சொல்லிலேயே இருக்கிறது. சிறிது நேரத்தில் தானே மறையும் சாயலை இதிலிருந்து பிரித்து 'உருத்தேக்கம்' எனலாம். தேய்வைச் சமன்செய்ய இத்தொலைக்காட்சிகள் அணைத்த பிறகு தாமாகவே ஒரு சீராக்கத்தைச் செய்துகொள்கின்றன. அதற்கு மின்இணைப்பு இருந்தாக வேண்டும். படுக்கப்போகுமுன் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகும் வழக்கமுள்ள நம் வீடுகளில் அந்தச் சீராக்கம் நடக்கவே வாய்ப்பில்லை. கடையில் யாரும் இதை எடுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

இச்சொற்களை வைத்தே சித்தப்பாவிடம் பேசிப் பார்த்தேன். அவர் வீட்டுக் கூடத்தில் கிழக்கே பெரிய சன்னல். காலை முழுதும் வெயில் திரையில் விழும், கறுப்பின் ஆழம் அதில் எடுபடாது. விடிந்தது முதல் செய்தி அலைவரிசை ஓடும், மூலையில் சின்னமும் அடியில் செய்தி வரி ஓடும் பட்டையும் நகராமல் நிற்கும். சுவிட்சை அணைப்பதில் சித்தி கண்டிப்பானவர். "உங்கள் வீட்டுக்குப் பின்னொளித் திரைதான் சரி, தன்னொளித் திரையில் கறுப்பு கறுப்பாகவே தெரியும், ஆனால் செய்திச் சின்னம் தழும்பாகிவிடும் ஆபத்து உண்டு" என்றேன். வேறு விளக்கம் கேட்காமல் தலையசைத்தார். பக்கவாட்டில் ஊஞ்சலில் உட்கார்ந்து பார்ப்பவர் சித்தி என்பதால், பின்னொளியிலும் சாய்ந்து பார்த்தால் வெளுக்காத ஐபிஎஸ் பலகையைத் தேர்ந்தோம். கசிவு சற்று மிகுதிதான், ஆனால் அந்தக் கூடத்தில் விளக்கை அணைத்துவிட்டு யாரும் படம் பார்ப்பதில்லை. இரவில் மட்டும், திரைச்சீலை இழுத்துவிட்டுத் திரைப்படம் பார்க்கும் என் தங்கைக்கு இதே கேள்வி வந்தால் தன்னொளித் திரை என்றே சொல்வேன்.

எல்இடி பல்பை யாரும் ஒளியுமிழ் இருமுனைய விளக்காக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், அது தமிழாகிவிட்டது. பின்னொளி, தன்னொளி, ஒளிக்கசிவு, பகுதித் தணிப்பு, உருத்தழும்பு ஆகிய ஐந்தையும் பட்டியலில் சேர்ப்பதற்கு மறுப்பு இருந்தால் எழுதுங்கள். நிலவைச் சுற்றிய அந்த வெண்புகைக்குப் பரிவேடத்தைவிட எளிய சொல் யாரிடமேனும் இருந்தால், அதை முதலில் அனுப்புங்கள்.